சுற்றுலாக் கட்டணத்தோடு ஒரு விசிலுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய எங்கள் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஏற்காட்டில் நடந்தது தங்கள் மேசைக்கு வந்திருக்கும். பள்ளி எழுதிக் கொடுத்த விளக்கமும் வந்திருக்கும். காபித் தோட்டத்துக்குள் வழி தவறி, மூன்றரை மணி நேரம் கழித்துக் கிடைத்த ஏழாம் வகுப்புப் பிள்ளை என் மகள்தான். பிள்ளை கிடைத்துவிட்டதால் விஷயம் முடிந்தது என்கிறார்கள். முடியட்டும். அந்த விளக்கத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லவே இந்த மடல்.

அவள் உட்கார்ந்திருந்த இடம், பேருந்து நின்ற இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. தோட்டத்து ஆட்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இரண்டு முறை அந்தச் சரிவைக் கடந்து போயிருக்கிறார்கள். அவளுக்குக் கேட்டிருக்கிறது. வாயைத் திறக்கவில்லை. செடிக்கு அடியில் இன்னும் உள்ளே நகர்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். ராத்திரி மெதுவாகக் கேட்டபோது சொன்னாள்: "யாருன்னே தெரியாதவங்கம்மா. தெரியாதவங்க கூப்பிட்டா போகாதேன்னு நீதானே சொன்ன? அப்புறம் சார் குரல் கேட்டுச்சு. வரிசையை விட்டுப் போனதுக்கு அடிப்பாருன்னு பயந்துட்டேன்."

முதல் பாதி என் தவறு, திருத்திக்கொண்டேன். இரண்டாம் பாதியைத் தாங்கள்தான் பார்க்க வேண்டும்.

தொலைந்த பிள்ளைகள் தேடி வருகிறவர்களைப் பார்த்தே ஒளிந்துகொள்வது உண்டு என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1981இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், குடும்பத்தோடு மலைக்குப் போன 9 வயதுச் சிறுவன் வழி தவறிவிட்டான். நாள்கணக்கில் தேடியும் உடலைத்தான் எடுக்க முடிந்தது. தேடப் போனவர்களுக்கு மனம் ஆறவில்லை. 'மரத்தைக் கட்டிக்கொள்' என்று ஒரு பாடம் உண்டாக்கி, பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள். வழி தெரியவில்லையா, அலையாதே, ஒரு மரத்தடியிலேயே இரு. தேடுகிறவர்கள் உன்னைத் திட்ட வரவில்லை. கூப்பிட்டால் பதில் கொடு. இதைச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும், ஐயா?

அடுத்தது விசில். மூன்று முறை ஊது, நிறுத்து, திரும்ப மூன்று. ஆபத்து என்பதற்கு மலையேறுகிறவர்கள் பலருக்கும் தெரிந்த கணக்கு இந்த மூன்று. கத்தினால் சிறிது நேரத்தில் தொண்டை கட்டிவிடும். விசிலுக்குத் தொண்டை வேண்டாம். பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. விசில் சத்தம் அதையும் தாண்டி வரும். வெயில் இருந்தால் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியே கண்ணாடி. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கலாம். பளிச்சென்ற துண்டு ஒன்றைச் செடிமேல் விரித்தாலும் போதும். தீ மூட்டிப் புகை காட்டுவது மட்டும் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: மலைக்கும் காட்டுக்கும் கூட்டிப்போகும் முன் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி, ஆளுக்கு ஒரு விசில்.

நம் பள்ளிகளில் விசில் பி.டி. சாரின் கழுத்துக்கு மட்டும் உரியது. பிள்ளை ஊதினால் வகுப்புக்கு வெளியே முழங்கால் போட வேண்டும். நிலாவில் இறங்கிய சந்திரயான் 3 கிட்டத்தட்ட 3,84,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து எப்படிச் செய்தி அனுப்பியது என்று என் மகள் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவாள். அரைக் கிலோமீட்டரிலிருந்து "இங்கே இருக்கிறேன்" என்று தெரிவிக்க அவளுக்கு வழி தெரியவில்லை. சீருடையோ கரும்பச்சை. காபிச் செடிக்குள் ஒளிய அதைவிடத் தோதான உடுப்பு ராணுவத்தில்கூடக் கிடைக்குமா தெரியவில்லை. 'எது நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பல்ல' என்ற தாளில் மட்டும் எங்களிடம் மறக்காமல் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

மன்னிக்கவும், எழுத எழுதக் குரல் உயர்ந்துவிட்டது.

ஒன்றை மட்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பதிலாக "இனி மலைச் சுற்றுலாவே கூடாது" என்று ஒரு சுற்றறிக்கை வந்துவிடக் கூடாது. எளிதான வழி அதுதான். ஆனால் பள்ளி கூட்டிப்போகாவிட்டால் ஏற்காட்டையே பார்க்காத பிள்ளைகள் அந்தப் பேருந்தில் பாதிக்கு மேல் இருந்தார்கள்.

தயவுசெய்து அந்த ஒரு மணி நேரத்தையும் விசிலையும் சுற்றுலா விதிகளில் சேர்த்து உத்தரவிடுங்கள். 'தொலைந்து போனதற்காக யாரையும் அடிக்க மாட்டோம்' என்று ஆசிரியர்கள் புறப்படும் முன் பிள்ளைகள் எதிரில் சொல்ல வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். எட்டாம் வகுப்புக்குக் கொல்லிமலை என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. கட்டணத்தில் விசிலுக்குப் பத்து ரூபாய் கூட்டி வாங்கிக்கொள்ளட்டும், கட்டிவிடுகிறேன். அந்தக் கையெழுத்துத் தாளையும் அனுப்பச் சொல்லுங்கள். இந்த முறை வாசித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்