அம்மணிக்கு

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மஞ்சள் வெட்டு ஆரம்பித்தாயிற்று. மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

மூன்று வாரமாக நீ வீடியோவில் வருவதில்லை. கேமரா கெட்டுவிட்டது என்கிறாய், சரி. பொங்கலன்று பனியில் போய் நின்று பேசினாயே, அப்போது உன் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு தடவின மாதிரி வெளுத்திருந்தது. கன்னம் இரண்டும் சிவப்பு. குளிர் என்றாய். டொராண்டோ குளிரை நான் பார்த்ததில்லை. சின்ன அத்தையின் கன்னத்தைப் பார்த்திருக்கிறேன்.

பயப்படாதே. முப்பது வருஷம் விலங்கியல் நடத்தினவன் சொல்கிறேன். அத்தைக்கு வந்த லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய். அது பெரும்பாலும் ஒற்றை ஜீனால் இறங்கி வருவதில்லை. ஆறாம் குரோமோசோமில் எச்.எல்.ஏ. ஜீன்கள், அப்புறம் ஐ.ஆர்.எஃப்.5, ஸ்டாட்4 என்று நூறு இடங்களுக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அநேகமாக ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் ஆபத்தைக் கூட்டும். ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருத்திக்கு வந்தால்கூட மற்றவளுக்கும் வருவது ஏறக்குறைய நாலில் ஒன்றுதான்.

லூபஸ் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெண்ணுக்கு இருக்கும் இரண்டு எக்ஸ் குரோமோசோமில் ஒன்று அடங்கிக் கிடக்க வேண்டும், டி.எல்.ஆர்.7 மாதிரிச் சில ஜீன்கள் முழுசாக அடங்குவதில்லை. உன் எக்ஸில் ஒன்று நான் கொடுத்தது. எனக்கு உன் அப்பத்தா கொடுத்தது. அத்தைக்கும் அவளிடமிருந்து ஒன்று. ராத்திரியில் இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

ஏ.என்.ஏ. என்று ஒரு ரத்தச் சோதனை, உடம்பு தன் செல்களுக்கே எதிராக ஆன்டிபாடி செய்கிறதா என்று பார்ப்பது, அதை எடுத்துவிடு. சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல். ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றாலே நோய் என்று அர்த்தமில்லை, நல்லா இருப்பவர்களுக்கும் வரும். வெளியே போனால் தொப்பி போடு, பனி நாளிலும் வெயில் வெயில்தான், லூபஸுக்கு அது ஆகாது. சோதனையை மட்டும் தள்ளிப் போடாதே.

தனியாளாகப் போய் அந்த ஊரில் வீடு வாங்கினவள் என்று டீக்கடை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாய். இந்த அமுக்கத்தை யாரிடம் கற்றாய்?

என்னிடம்தான். அத்தைக்குக் கன்னம் சிவந்தபோது அம்மை என்று வாசலில் வேப்பிலை கட்டினார்கள். வகுப்பில் மெண்டலின் மரபு விதிகளை நடத்திவிட்டு வந்து, நானும் அந்த வேப்பிலையை ஒதுக்கிக்கொண்டுதான் உள்ளே போனேன். ஒரு மாதம் போனது. அப்புறம் உன் கல்யாணப் பேச்சில் சம்பந்தி கேட்டார், தங்கச்சிக்கு என்ன ஆச்சு என்று. கிட்னி என்றேன். பொய்யில்லை, லூபஸ் தின்றது கிட்னியைத்தான். அன்று ராத்திரி உன்னையும் திண்ணைக்குக் கூப்பிட்டு, யார் கேட்டாலும் கிட்னி என்றே சொல் என்றேன். நீ தலையாட்டினாய்.

அத்தையின் பைல் என் பீரோவில்தான் இருக்கிறது, பயாப்ஸி ரிப்போர்ட் உட்பட. டாக்டர் கேட்பார். நாளைக்கு டவுனுக்குப் போய் ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பட்டுமா? நீ சரி என்றால் மட்டும்.

அப்பா