எனக்குக் கேட்டது

டேய்,

வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஃபுட்பால் கோச்சாகப் போகிறேன். ரொம்ப நாள் தட்டிக் கழித்துவிட்டு இப்போதுதான் சரி என்றேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் பழைய ஆட்களும் இதைப் படிப்பார்கள். எந்த மேட்ச், யாரோடு என்பதெல்லாம் வேண்டாம். உனக்குத் தெரியும்.

"பின்னால குடு!" என்று கத்தினாய். காதில் விழவில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். விழுந்தது.

முதுகுக்குப் பின்னால் அவர்களுடைய ஃபார்வர்டு. எதிரே நம் கீப்பர் நீ, கோலை விட்டு இடதுபக்கம் விலகி, உள்ளங்கையைக் கீழே காட்டிக் காலுக்குக் கேட்டு நிற்கிறாய். பத்து மீட்டர்கூட இருக்காது. நான் உனக்குக் கொடுக்காமல் பந்தோடு திரும்ப முயன்றேன். பந்து அவன் காலுக்குப் போனது, அப்புறம் வலைக்கு. எல்லோரும் உன்னை முறைத்தார்கள். நான் குனிந்து, அவிழாத ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

உன் கையை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. கார்னரில் நீ குரல் கொடுத்தால் நான் பந்தைப் பார்க்கக்கூட மாட்டேன். காலைத்தான் நம்பவில்லை. நம் ஆள் காலால் வேண்டுமென்றே தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது என்று 1992இல் விதி வந்துவிட்டதே. பயிற்சியில் ஒருநாள் பந்து உன் பாதத்துக்கு அடியில் உருண்டு போய் நாங்கள் சிரித்தோம் இல்லையா, அந்த ஒன்றுதான் கண்ணில் நின்றது. நீ ஒழுங்காக அடித்ததை யார் எண்ணினார்கள்?

எண்ணத்தான் என்ன இருந்தது? உன்னைக் கோலில் நிறுத்தி உதைத்தோமே தவிர, உன் காலுக்கு யார் பாஸ் கொடுத்தோம்? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை.

தன்னம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார்: தானே செய்து முடித்தது, பிறர் செய்யப் பார்த்தது, சொல்லக் கேட்டது, அந்த நேரத்தில் உடம்பும் மனசும் படும் பாடு. முதலாவதுதான் வலுவானது. கூட ஆடுபவன்மேல் வரும் நம்பிக்கையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். "அவன் நல்லா ஆடுவான்" என்று கோச் நூறு தடவை சொல்லட்டும். நெருக்கடியில் ஒரு பந்தைக் கொடுத்து, அது பத்திரமாகத் திரும்பி வந்தால்தான் மனசு ஒப்பும்.

எனக்குப் பதிமூன்று வயதுடா. மன்னித்துவிடு.

ஆனால் நீயும் சும்மா இருக்கவில்லை. அந்த சீசன் முழுக்க என் தலைக்கு மேலேயே உதைத்தாய். ஆளில்லாத இடத்தில் நான் கையைத் தூக்கி நிற்பேன். கண்ணோடு கண் பார்த்துவிட்டே நெடுக அடிப்பாய். நான் செய்தது ஒரு தடவை. இதையும் எல்லோரும் படிக்கட்டும்.

ஞாயிறு கீப்பரைத் தனியாக நிறுத்தப் போவதில்லை. மற்ற பிள்ளைகளோடு வட்டத்தில் நின்று காலால் ஆடட்டும். நீ வருகிறாயா? வந்தால் கையுறை எடுத்து வராதே.