ஏற்பதற்கில்லை

கொல்கத்தா
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு நிம்மதியானது. மாடிப்படி ஏற அவசரப்படாதே. நான் மகன் வீட்டில் இன்னும் ஒரு மாதம் இருப்பேன். பேத்தி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து என்னைத் 'தாது' (வங்காளத்தில் தாத்தா) என்று கூப்பிடப் பழகிவிட்டாள்.

இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். காலை நடை பார்க் ஸ்ட்ரீட் வரைக்கும் போகும். அங்கேதான் ஆசியக் கழகம் (ஏஷியாடிக் சொசைட்டி) என்ற அறிஞர் சங்கம் இருக்கிறது. 1784இல் வில்லியம் ஜோன்ஸ் தொடங்கியது. அவர்களுடைய 1830களின் மாத இதழ்களை மகன் கணினியில் இறக்கிக் கொடுத்தான். கட்டுரைகளைப் படிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கூட்டக் குறிப்புகளை விட்டு நகர முடியவில்லை. இன்னாரிடமிருந்து கடிதம் வாசிக்கப்பட்டது, இன்னார் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது, நன்றி தெரிவிக்கத் தீர்மானம். நம் தபால் பிரிவுப் பதிவேட்டைப் புரட்டுவது போலவே இருந்தது. நேபாளத்திலிருந்து ஹாட்ஜ்சன் பௌத்தச் சுவடிகள் அனுப்புகிறார். இன்னொருவர் நாணயம், வேறொருவர் கல்வெட்டுப் படி. சௌரங்கியில் இருக்கும் இந்திய அருங்காட்சியகமே ஒரு கடிதத்தில் பிறந்ததுதான். 1814இல் வாலிச் என்ற தாவரவியலாளர், அருங்காட்சியகம் வையுங்கள், என்னிடம் இரட்டையாக இருக்கும் பொருள்களைத் தருகிறேன் என்று கழகத்துக்கு எழுதினார்.

சோமா என்ற ஹங்கேரிக்காரரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். தன் இனத்தின் பூர்வீகத்தைத் தேடி 1819இல் ஊரை விட்டுக் கிளம்பி, பெரும்பாலும் நடந்தே இமயமலை வரைக்கும் வந்தவர். 1824 கடைசியில் மலையடிவாரத்தில் சபாத்து என்ற பிரிட்டிஷ் ராணுவ முகாமுக்கு வந்தபோது, நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்டு நிறுத்திவைத்தார்கள். அவர் தன் வரலாற்றையே கடிதமாக எழுதிக் கொடுத்தார். அரசு மாதம் 50 ரூபாய் தர ஒப்புக்கொண்டது. கனம் என்ற மலைக்கிராமத்து மடாலயத்தில் குளிரில் உட்கார்ந்து திபெத்திய அகராதி செய்தார். கழகமும் தன் பங்குக்குப் பணம் தர முன்வந்தபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1842இல் டார்ஜிலிங்கில் இறந்தார். அவர் விட்டுப்போனவற்றை அங்கிருந்த அதிகாரி கேம்ப்பெல் எழுதி அனுப்பியிருக்கிறார்: நான்கு பெட்டி புத்தகங்களும் தாள்களும், எப்போதும் போட்டிருந்த நீல உடுப்பு, சில துப்பட்டிகள், ஒரு சமையல் பாத்திரம். அந்த வரிகளைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தவர் சோமா இல்லை. நம் பக்கத்து மனிதர், காவலி வெங்கட லட்சுமையா.

கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சியின் சுவடித் தொகுப்பு உனக்குத் தெரியும். அதை ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சேர்க்க வழி அமைத்தவர்கள் காவலி சகோதரர்கள். மூத்தவர் போரையா 1803இல் சின்ன வயதிலேயே போய்விட்டார். லட்சுமையா அண்ணனின் இடத்துக்கு வந்து, மெக்கன்சி 1821இல் இறக்கும் வரைக்கும் அந்த வேலையைத் தாங்கினார். தொகுப்பை அரசு 10,000 பவுனுக்கு வாங்கியது. சமஸ்கிருத அறிஞர் வில்சன் 1828இல் அட்டவணை போட்டார். அப்புறம் லட்சுமையா சென்னையில் ஒரு இலக்கியச் சங்கம் அமைத்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர அனுமதி கேட்டு அரசுக்கு விண்ணப்பித்தார்.

அந்த விண்ணப்பம் போன வழி நமக்குப் பழக்கமானதுதான். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு, அங்கே அரசிடமிருந்து ஆசியக் கழகத்தின் கருத்துக்கு. 1836இல் கழகத்தின் குழு பதில் எழுதியது. இவ்வளவு பெரிய பணிக்கு எல்லாவற்றையும் பொதுமைப்படுத்திப் பார்க்கக்கூடிய தலைமை வேண்டும். லட்சுமையா மட்டுமல்ல, இந்நாட்டவர் யாருமே அதற்குப் போதமாட்டார் என்பது சாரம். சென்னையிலிருந்த பாதிரியார் வில்லியம் டெய்லரைக் கொண்டு தொகுப்பை ஆராயலாம் என்று போயிற்று.

சுவடி எந்த ஊரில், யார் வீட்டில் கிடைத்தது, யாரிடம் எப்படிக் கேட்டால் தருவார்கள் என்பதெல்லாம் லட்சுமையாவுக்குத்தான் தெரியும். கழகம் தொடங்கி 45 வருஷம் கழித்து, 1829இல்தான் இந்தியர்களை உறுப்பினராகச் சேர்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்.

எனக்கு இன்னும் வலிப்பது வேறொன்று. அப்போது கழகச் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப். பிழைப்புக்கு நாணயச்சாலையில் வேலை, மிச்ச நேரமெல்லாம் கழகத்துக்கு. அடுத்த வருஷமே, 1837இல், சாஞ்சிக் கல்வெட்டுகளில் 'தானம்' என்ற சொல்லைப் பிடித்து பிராமி எழுத்தைப் படித்தவர். தூண் கல்வெட்டுகளில் வரும் 'பியதசி' என்ற அரசன் அசோகன்தான் என்பதை இலங்கையிலிருந்து டர்னர் எழுதித் தெரிவித்தார். பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்காரர் பக்கத்தில் இருந்து படிக்க உதவினார். இத்தனை பேர் கையையும் பிடித்து நடந்தவர், லட்சுமையா விஷயத்தில் மட்டும் இப்படி ஒரு பதில் போக விட்டுவிட்டாரே. பிரின்செப்பின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. அந்தப் பதிலை மன்னிக்கவும் முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நாம் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஆறு வருஷம் மனு எழுதிய அந்தப் பெரியவர் நினைவிருக்கிறதா? மஞ்சள் பையோடு வருவாரே. கண்மாய் மடைகளின் பழைய பெயர்கள் முழுக்க அவருக்கு மனப்பாடம். வரைபடத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். பொருள், பார்வை எல்லாம் சரியாகப் போட்டு, 'கோரிக்கை ஏற்பதற்கில்லை' என்று நகல் எடுத்தது நான். மேலே இருந்து வந்த முடிவுதான். ஆனாலும் அவரை ஒரு நாள் உட்காரவைத்து அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதியிருக்கலாம். நீ ஒருமுறை டீ வாங்கிக் கொடுத்தாய். அதைக்கூட நான் செய்யவில்லை.

மெக்கன்சியின் தமிழ்ச் சுவடிகள் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. நான் திரும்பியதும், உன் கால் சரியானதும், இருவரும் போவோம். லட்சுமையாவின் ஆட்கள் கொண்டுவந்த ஓலை ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும். உனக்கு அந்தப் பெரியவரின் ஊர்ப் பெயர் ஞாபகம் இருந்தால் எழுது. எனக்கு மறந்துபோயிற்று. அவர் மகனாவது அங்கே இருப்பார்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து மேசைக்காரன்