செப்டம்பரில் கிளம்பலாம், மாப்ள

மியூனிக்
மே 20

அன்பு மாப்ள,

தங்கச்சி காரியம் முடிந்து ஊரிலிருந்து நான் திரும்பி ஏழு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு போனில் மூன்று முறை பேசியிருப்போம். மூன்று முறையும் "சாப்பிட்டியா, அங்கே குளிர் எப்படி" என்று நீதான் என்னை விசாரித்தாய். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெயரவில்லை. உட்கார்ந்து எழுதலாம் என்றால் எனக்கும் கை வரவில்லை. இத்தனை நாள் தள்ளிப் போட்டது தப்புதான், மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ "ம்" என்று மட்டும் சொல்லி வைத்த ஸ்லோவேனியா பயணத்துக்கு வண்டி பேசி முன்பணமும் கட்டிவிட்டேன். செப்டம்பரில் 8 இரவு. நாலு பேருக்கு என்று போட்ட கணக்கு அது. என் வீட்டுக்காரி போன வாரம், "நான் வரலை, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, அண்ணனுக்கு அதுதான் வேணும்" என்றாள். அதனால் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள பெரிய மோட்டார்ஹோமை விட்டுவிட்டு, 6 மீட்டர் நீளத்தில் வேன் மாதிரி ஒன்று எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை போய் ஏறிப் பார்த்தேன். முன்சீட்டு இரண்டும் பின்பக்கமாகத் திரும்பும், திருப்பினால் அதுவே சாப்பாட்டு மேசைக்கு நாற்காலி. இரண்டு அடுப்பு. கையோடு கொண்டுபோயிருந்த நம் தோசைக்கல்லை வைத்துப் பார்த்தேன். ஒரு அடுப்பில் கல் இருந்தால் இன்னொன்றில் டம்ளர்கூட வைக்க இடமில்லை. சரி, தோசை முடிந்ததும் காபி.

இண்டக்‌ஷன் அடுப்பு கொண்டுவருகிறேன் என்றாயே, அது வேண்டாம். இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்கும் கேம்பில் சில இடங்களில் ஒரு வண்டிக்கு 6 ஆம்பியர்தான் தருவார்கள். 230 வோல்ட்டுக்கு 1380 வாட். உன் 2000 வாட் அடுப்பைப் போட்ட அடுத்த நிமிஷம் ஃபியூஸ் போய்விடும், ராத்திரியில் ஆபீஸ் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். வண்டியிலேயே கேஸ் இருக்கிறது. குக்கர் மட்டும் எடுத்து வா. கழிவறைக்கு அடியில் பெட்டி மாதிரி ஒரு தொட்டி உண்டு, அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொட்டி வருவது என் வேலை. தண்ணீர் பிடிப்பது உன் வேலை.

அப்புறம், ஆற்றோரம் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. கேம்போ, வண்டிக்கென்று ஒதுக்கிய இடமோ இல்லாமல் வெளியே இரவு தங்குவது அங்கே சட்டப்படி குற்றம். நாம் போகும் பக்கம் பாதிக்கு மேல் திரிக்லாவ் தேசியப் பூங்கா. பிளெட் ஏரியில் இரண்டு இரவு, போஹின் ஏரியில் மூன்று, க்ராஞ்ஸ்கா கோராவில் ஒன்று, சோச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இரண்டு. கடற்கரையும் போஸ்தொய்னா குகையும் இந்த முறை கிடையாது. தமிழ்நாட்டுக்குள் ஆறு ஸ்லோவேனியாவை வைக்கலாம், அவ்வளவு சின்ன நாடு. அதற்காக எட்டு நாளில் முழுசையும் சுற்றினால் வண்டியிலிருந்து இறங்கவே நேரம் இருக்காது.

க்ராஞ்ஸ்கா கோராவில் ஏன் ஒரு இரவு என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். அங்கிருந்து சோச்சா பள்ளத்தாக்குக்கு விர்ஷிச் கணவாய் வழியாக ஒரு மலைப்பாதை போகிறது. உச்சி 1611 மீட்டர். மொத்தம் 50 கொண்டை ஊசி வளைவு, ஏற 24, இறங்க 26. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் பலகை, எத்தனை மீட்டர் உயரம் என்றும் போட்டிருப்பார்கள். நம் வால்பாறைக்கு 40. நீ 19 வருஷம் பஸ் ஓட்டிய பாதை. ஒன்பதாவது வளைவில் புது கண்டக்டரைக் கூப்பிட்டு ஆழியாறு அணையைக் காட்டுவாயே, அதெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஆனால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஏறும் பக்கத்து வளைவுகள் கல் பாவியவை. மழை பெய்தால் வழுக்கும். பாதையும் குறுகல். நான் இங்கே காரில் மலை ஏறியிருக்கிறேன், 3500 கிலோ வண்டியை இப்படி ஒரு பாதையில் ஏற்றியதில்லை. உன்னை ஓட்டச் சொல்லவும் முடியாது. ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான். ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி போவது வலப்பக்கம். இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்கணும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக்கூடாது என்று எனக்கு ஆயிரம் தடவை சொன்னவன் நீ. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை சொல்லு. அது போதும் எனக்கு.

அந்தப் பாதை யார் போட்டது என்று படித்ததிலிருந்து மனசு கனமாகவே இருக்கிறது. முதல் உலகப்போர். ஆஸ்திரிய-ஹங்கேரிய ராணுவத்துக்குச் சோச்சா போர்முனைக்குப் பீரங்கியும் சாமானும் கொண்டுபோக வழி வேண்டியிருந்தது. 1915-இல் ரஷ்யப் போர்க் கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து மலையை வெட்ட வைத்தார்கள். 1916 மார்ச்சில் பனிச்சரிவு இறங்கி, நூறு பேருக்கு மேல் அடியில் போய்விட்டார்கள். பிழைத்தவர்கள் செத்தவர்கள் நினைவாகப் பாதை ஓரத்தில் மரத்தால் ஒரு சின்னத் தேவாலயம் கட்டினார்கள். எட்டாவது வளைவுப் பக்கம் இன்னும் நிற்கிறது. எஸ்டேட்டுக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோனபோது உன் தாத்தா ஆழியாற்றிலிருந்து தலைச்சுமையோடு ஏறிய கதையைச் சொல்லியிருக்கிறாயே, அதுதான் வந்தது எனக்கு. அங்கே வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகணும்.

அன்றைக்கு மழையாக இருந்தால் கணவாய் வேண்டாம். மேற்கே இத்தாலிக்குள் நுழைந்து தர்வீசியோ, பிரெதில் கணவாய் என்று சுற்றிக்கொண்டு போகலாம், அது 1156 மீட்டர்தான். காலையில் எழுந்து கல்லைத் தொட்டுப் பார்த்து நீ சொல்லு, போகலாமா வேண்டாமா என்று. நீ சொன்னது முடிவு. நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

இன்று உலகத் தேனீ நாள், தெரியுமா? அதை ஐ.நா.விடம் கேட்டு வாங்கியதே ஸ்லோவேனியாதான், 2017-இல். அந்த ஊர்த் தேனீ வளர்ப்பாளர் அந்தோன் யான்ஷாவின் நினைவாக மே 20. பிளெட்டுக்குப் பக்கத்தில் ராதோவ்லித்சா என்ற பழைய ஊரில் தேனீ வளர்ப்புக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் தேன்பெட்டியின் முகப்புப் பலகையில் ஆளாளுக்கு ஒரு படம் வரைந்து வைப்பார்களாம். சாமி படம், ஊர்க்கதை, வேட்டைக்காரனின் பிணத்தை மிருகங்கள் சேர்ந்து தூக்கிப்போகும் படம். தென்னந்தோப்பில் தங்கச்சி வைத்த பெட்டிகளை இப்போது யார் பார்க்கிறார்கள்? நீ பார்க்கிறாயா? அவள் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கலரில் பொட்டு வைத்திருந்தாளே.

ஸ்லோவேனிய மொழியில் ஒருமை, பன்மை போக இருமை என்று ஒன்று உண்டு. நாங்கள் என்பதற்கு மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 'மி'. இரண்டே பேர் என்றால் 'மித்வா'. அகராதியைப் பார்த்துப் பார்த்து, நாங்கள் இருவர் வருகிறோம் என்று கேம்புக்கு எழுதினேன். எழுதி முடித்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், மாப்ள. நாலு பேராகப் போயிருக்கணும்.

சாப்பாட்டுக்கு உனக்குக் கவலை வேண்டாம். 'அய்தோவி ஜ்கன்சி' என்று பாப்பரை (பக்வீட்) மாவில் செய்வார்கள், நம் களிதான். கிண்டி, முள்கரண்டியால் உதிர்த்து வைக்கிறார்கள்.

கடைசியாக விசா. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்கணும். அதனால் மியூனிக்கில் என்னோடு 11 இரவு, அங்கே 8 இரவு என்று வைத்திருக்கிறேன். அப்படியானால் ஜெர்மன் விசா, விண்ணப்பத்தைச் சென்னையிலேயே கொடுக்கலாம். பயணத்துக்கு 6 மாதத்துக்கு உள்ளே எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், நாள் கிடைக்கத்தான் இழுக்கும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், அதை உன் மகனைப் போடச் சொல்லு. அழைப்புக் கடிதம் நான் அனுப்புகிறேன். பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வாட்ஸப்பில் போட்டுவிடு. கூடவே தேன்பெட்டியையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்