தொட்டால் மறையும் யானை: சிறார் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ச் சிறார் நூல் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். செல்பேசியைப் பக்கத்தின்மேல் காட்டினால் திரையில் படம் உருவமாக எழுந்து நிற்கும், மிகை மெய்ம்மை எனப்படும் ஏஆர் வசதியோடு படக்கதை நூல்களைக் கொண்டுவர எண்ணும் உங்களுக்கு, குழந்தைகளுக்குக் கதை சொல்லி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு கதை நேரத்தில் அத்தகைய நூல் ஒன்றை விரித்துச் செல்பேசியைக் காட்டினேன். திரையில் யானை எழுந்து நின்றது. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அதைத் தடவிப் பார்க்கும் ஆசையில் தாளின்மேல் கை வைத்தாள்; யானை மறைந்துவிட்டது. கையை எடுத்தாள், வந்தது, வைத்தாள், போனது. "தொட்டா ஓடிடுது" என்று சொல்லிவிட்டு, பாட்டில் மூடி ஒன்றை யானையாக்கி விளையாடப் போய்விட்டாள். தாளில் உள்ள படத்தை அடையாளமாகக் கொண்டுதான் கேமரா உருவத்தை நிறுத்துகிறது என்பதால், கை மறைத்தாலும், வழவழப்பான தாளில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கூசினாலும் இதுதான் நடக்கும்.

அந்த மூடியிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். 1999-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகமான மீடியா லேபில் கிமிகோ ரியோகாயும் ஜஸ்டின் காசெலும் 'ஸ்டோரிமேட்' என்ற விரிப்பை உருவாக்கினார்கள். குழந்தை ஒரு துணிப் பொம்மையை அதன்மேல் நகர்த்தியபடி கதை சொன்னால், குரலையும் பொம்மை போன வழியையும் விரிப்பு பதிவு செய்துகொள்ளும். பின்னர் வேறொரு குழந்தை அதே இடத்துக்குப் பொம்மையைக் கொண்டுவரும்போது, முந்தைய கதை ஒலிக்க, பொம்மையின் உருவம் விரிப்பின்மேல் ஒளியாக நகரும். கதை சொல்வது குழந்தை, கேட்பது கருவி. நம் நூல்களில் இது தலைகீழாக இருக்கிறது.

நூலோடு மரப்பாச்சியைப் போல உள்ளங்கையில் அடங்கும் இரண்டு மரப் பொம்மைகளைக் கொடுங்கள்; கேமரா பக்கத்தை விட்டுப் பொம்மையைப் பின்தொடரட்டும்; குழந்தை தன் ஊர்ப் பேச்சில் சொல்வதைத் திருத்தாமல் பதிவு செய்யட்டும். செல்பேசியை நிறுத்தி வைக்க ஓர் அட்டைத் தாங்கியும் வேண்டும், இல்லாவிட்டால் குழந்தையின் இரு கைகளும் அதைப் பிடிப்பதிலேயே போய்விடும்.

2018 முதல் பாடநூல்களில் வந்த கியூஆர் குறியீட்டால் நூலின்மேல் செல்பேசியைக் காட்டுவது நம் வீடுகளுக்குப் பழகிவிட்டது. ஆனால் பல வீடுகளில் இருப்பது ஒரே செல்பேசி, அதுவும் பகலெல்லாம் அப்பாவின் சட்டைப்பையில். ஆகவே செல்பேசி இல்லாதபோதும் நூலைப் படிக்க முடிய வேண்டும். 2001-இல் பில்லிங்ஹர்ஸ்ட், கட்டோ, பூபிரெவ் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட 'மேஜிக்புக்' என்ற ஏஆர் நூல்கூடக் கருவியில்லாமல் சாதாரண நூலாகவே படிக்கக்கூடியதாக இருந்தது.

அச்சுக்குப் போகும் முன் மாதிரிப் படி ஒன்றை ஒரு சனிக்கிழமை எங்கள் கதை நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். குழந்தைகள் கையை எங்கே வைக்கிறார்கள் என்பதை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கதைசொல்லி