வெரியர் எல்வின்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து நீங்கள் மீண்டும் வாசிக்கத் தொடங்கிவிட்டதும், பேத்தி மானிடவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருப்பதும் மனத்துக்கு நிறைவாக இருக்கின்றன. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். மதம் பரப்புவதற்காகக் கடல் கடந்து வந்த பாதிரியார் ஒருவர் பழங்குடி மக்களைப் பற்றி எழுதியதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெரியர் எல்வினை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்பது தெரிகிறது. சில மாதங்களாக நான் அவரைத்தான் படித்து வருகிறேன் என்பதால், என் மனத்தில் தங்கியவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எல்வின் 1902இல் இங்கிலாந்தின் டோவர் நகரில் பிறந்தார். தந்தை சியரா லியோனில் ஆங்கிலிக்கப் பேராயராக இருந்தவர்; மகன் சிறுவனாக இருக்கும்போதே ஆப்பிரிக்காவில் இறந்துபோனார். ஆழ்ந்த சமயப்பற்றுடைய தாயின் வளர்ப்பில், ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தையும் இறையியலையும் படித்துத் தேறிய அவருக்குத் திருச்சபையின் உயர் பதவிகள் எல்லாம் எட்டும் தூரத்தில்தான் இருந்தன. மானிடவியலை மட்டும் அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. 1927 இறுதியில், ஜாக் வின்ஸ்லோ புனேயில் நடத்திவந்த கிறிஸ்த சேவா சங்கத்தில் சேர்வதற்காக இந்தியா வந்தார். கிறித்தவ வாழ்வை இந்திய ஆசிரம முறையில் வாழ்ந்து பார்க்க முயன்ற சங்கம் அது.

அவரைத் திசை மாற்றியவர் காந்தி. சபர்மதிக்குச் சென்று பழகிய சில ஆண்டுகளுக்குள் எல்வின் வெளிப்படையாகவே விடுதலைப் போராட்டத்தின் பக்கம் நின்றுவிட்டார். 1932 சனவரி 4 அன்று விடியும் முன்பு பம்பாய் மணி பவனில் காந்தியைக் கைது செய்யப் போலீசார் வந்தபோது, எல்வினும் அவருடைய நண்பர் சாம்ராவ் ஹிவாலேயும் அங்கே இருந்தார்கள். அன்று திங்கட்கிழமை, காந்தியின் மௌன நாள். விடைபெறும் செய்திகளை எல்லாம் அவர் தாளில் எழுதித்தான் கொடுத்தார். அதே மாதத்தில் எல்வினும் சாம்ராவும் மைக்கல் மலைத்தொடரில், நர்மதை தோன்றும் அமர்கண்டகத்துக்கு அருகே, மண்டலா மாவட்டத்துக் கரஞ்சியா என்ற, கோண்டுப் பழங்குடியினர் வாழும் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நாகபுரிப் பேராயர் அவருக்குப் பணி உரிமம் தர மறுத்தார். அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க எல்வின் இணங்கவில்லை. கோண்டு மக்களை மதம் மாற்றும் எண்ணமும் அவருக்கு இல்லை. அந்த ஆண்டே அவர் இங்கிலாந்துக்குச் சென்றிருந்தபோது அரசாங்கம் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டது. அரசியலில் ஈடுபடுவதில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகே திரும்பி வர முடிந்தது. 1935இல் திருச்சபையை விட்டு முழுவதுமாக விலகினார். எனவே, மதம் பரப்ப வந்தவர் எழுதிய நூல்கள் என்று நீங்கள் குறிப்பிடுபவற்றில் பெரும்பாலானவை அவர் பாதிரியாராக இல்லாத காலத்தில் எழுதப்பட்டவை.

ஆனாலும் உங்கள் கேள்வியை இந்தத் தேதிக் கணக்கைக் காட்டித் தள்ளிவிட நான் விரும்பவில்லை. பிரசாரத்தைக் கைவிட்ட பிறகும் சமயப் பணியாளருக்குரிய வாழ்முறையை எல்வின் கைவிடவில்லை என்பதும், அவருடைய மானிடவியலின் வலிமை அங்கிருந்துதான் வந்தது என்பதும் என் எண்ணம். கரஞ்சியாவில் அவர்கள் கட்டியவை மண் குடிசைகள், ஒரு மருந்தகம், சிறு பள்ளிகள், தொழுநோயாளிகளுக்கு ஒரு விடுதி. ஓரிரு ஆண்டுக் களப்பணியே ஓர் ஆய்வுக்குப் போதும் என்று கருதப்பட்ட காலத்தில், அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடு இந்தியாவின் ஊர்களிலேயே குடியிருந்தார். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வருபவர் திண்ணையில் உட்கார்ந்து தன் குலக் கதையைச் சொல்வார். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவரும் தாய் பாட்டைப் பாடிக் காட்டுவாள். கேள்விப் பட்டியலோடு வந்து போகிறவருக்கு இவை கிடைப்பது அரிது. இதில் சாம்ராவின் பங்கு பெரிது. நோயாளிகளையும் பள்ளிகளையும் அவர் தம் தோளில் சுமந்ததால்தான் எல்வினால் உட்கார்ந்து எழுத முடிந்தது. அதே மேட்டு நர்மதைப் பகுதியில் கோண்டுகளின் பாணர்களான பர்தான்களைப் பற்றிச் சாம்ராவும் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அவர் பெயரை இன்று நினைப்பவர்கள் மிகச் சிலர் என்பதில் எனக்கு வருத்தமுண்டு.

அதே மலைகளில் வாழும் பைகா என்னும் பழங்குடி மக்களைப் பற்றி 1939இல் வெளியான நூல் ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும். பைகாக்கள் செய்தது எரிபுன வேளாண்மை. பேவர் என்பது அவர்கள் வழங்கும் பெயர். காட்டின் ஒரு பகுதியை வெட்டிக் காயவைத்துக் கொளுத்தி, அந்தச் சாம்பலில் விதை தூவுவார்கள். ஏர் பிடிப்பதில்லை, பூமித்தாயின் மார்பை ஏரால் கிழிக்கலாகாது என்பது அவர்களுடைய ஆதி மனிதன் நங்கா பைகாவின் கதையிலிருந்து வந்த நம்பிக்கை. காட்டு இலாகாவோ பேவரை மரத்துக்கு விளைந்த கேடாகவே பார்த்தது. அதைப் படிப்படியாகத் தடுத்து, 1890இல் ‘பைகா சக்’ என்று ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அதற்குள் மட்டும் அனுமதித்தது. எல்வின் அரசாங்கத்தின் பழைய கோப்புகளையும் பைகாக்கள் சொன்னவற்றையும் அருகருகே வைத்து எழுதுகிறார். பேவர் போனதோடு பைகாவின் வருமானம் மட்டுமன்றி, அவனுடைய வழிபாடு, மணச் சடங்கு, தன்மதிப்பு எல்லாம் எப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன என்பது அந்தப் பக்கங்களில் தெளிவாகத் தெரிகிறது. காந்தியின் தொண்டர்களோடு அவருக்கு ஏற்பட்ட பிணக்கும் இதே அக்கறையிலிருந்து வந்ததுதான். பருத்தி விளையாத மலையில் கைராட்டையை வற்புறுத்துவதையும், இலுப்பைப் பூச் சாராயம் இல்லாமல் எந்தச் சடங்கும் நடவாத ஊரில் மதுவிலக்குப் பேசுவதையும் அவரால் ஏற்க முடியவில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது அகரியா என்னும் இரும்பு உருக்குவோரைப் பற்றி 1942இல் அவர் வெளியிட்ட நூல். களிமண்ணால் ஆன, இடுப்பளவு உயரமே உள்ள உலையில் கனிமத்தையும் மரக்கரியையும் இட்டு இரும்பு எடுப்பவர்கள் இவர்கள். உலைக்குப் பின்னே மாட்டுத்தோல் போர்த்திய இரண்டு துருத்திகள் இருக்கும். அவற்றின்மேல் ஒருவர் ஏறி நின்று காலை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒவ்வொரு துருத்தியிலிருந்தும் ஒரு கயிறு, வளைத்து நட்ட மூங்கில் கழிக்குப் போகும். காலை எடுத்தவுடன் கழி நிமிர்ந்து தோலை மேலே இழுத்துக் காற்றை நிரப்பிவிடும். அடுத்த மிதியில் அந்தக் காற்று உலைக்குள் பாயும். உலையில் லோகாசுரன், கரியில் கோயலாசுரன், நெருப்பில் அக்யாசுரன் என மூவர் குடியிருக்கிறார்கள் என்பது அகரியாக்களின் நம்பிக்கை. தொழில்நுட்பம் ஒரு இயலாகவும் தெய்வம் வேறொரு இயலாகவும் பிரிந்து கிடக்காமல், அந்த மிதிப்பவரின் உடம்பில் இரண்டும் ஒன்றாக இருப்பதை எல்வின் காட்டுகிறார். உலைகளுக்கு விதித்த வரியும் ஆலை இரும்பின் மலிவும் சேர்ந்து அந்தத் தொழிலை எப்படி நசுக்கின என்பதையும் அவர் விடவில்லை.

அடுத்து வந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இன்றைய சத்தீஸ்கரில் உள்ள பஸ்தரில் தங்கி, அங்குள்ள பழங்குடியினரான மரியாக்களின் நூறு கொலை வழக்குகளை ஆராய்ந்து 1943இல் ஒரு நூல் எழுதினார். அதே பகுதியின் முரியா பழங்குடி இளையோர் மணமாகும் வரை ஒன்றாக உறங்கும் கோட்டுல் என்ற இல்லத்தைப் பற்றிய பெருநூல் 1947இல் வந்தது. ஒரிசாவின் போண்டோக்களையும் சவரர்களையும் பற்றிப் பின்னர் எழுதினார். கோட்டுல் நூலைப் பேசுகிறவர்கள் அதன் பாலுறவுப் பகுதிகளோடு நின்றுவிடுகிறார்கள்; இளையோர் தமக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்வதும், பாட்டும் ஆட்டமும், தவறு செய்தவருக்கு அவர்களே தண்டனை விதிப்பதும் அதில் எவ்வளவு விரிவாக உள்ளன என்பதைப் பேத்தியிடம் சொல்லி முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு இன்னொரு நிகழ்ச்சியும் பொருந்தும். 1944இல் மண்டலா மாவட்டத்தில் டச்சுக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் பள்ளிகளைத் திறந்து மதமாற்றத்தில் இறங்கியபோது, அவர்களை எதிர்த்துப் பத்திரிகைகளில் கடுமையாக எழுதியவர் எல்வின். அந்தச் சண்டையில் அவரோடு நின்றவர், காந்தியின் வழியில் பழங்குடி நலப் பணி செய்த தக்கர் பாபா. பழங்குடிகளை மற்றவர்களோடு கலந்து பழகவிட வேண்டுமா, காப்பாற்றித் தனியே வைக்க வேண்டுமா என்பதில் இருவரும் நேர் எதிர்த் தரப்பினர் என்பது உங்களுக்குத் தெரியும்.

இனி, நான் அவரைப் போற்றுவதில் தயங்கி நிற்கும் இடம். 1940 ஏப்ரலில், 37 வயதில், தம் பள்ளியில் படித்த கோசி என்ற ராஜ்கோண்டு பெண்ணை அவர் மணந்தார். அவர் சிறுமி என்றே சொல்லத்தக்க வயதினர். பஸ்தர் ஆய்வுக் காலத்தில் கோசியும் உடனிருந்தார். 1949இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில், கோசி வராத நிலையிலேயே, மணவிலக்குப் பெறப்பட்டது. பின்னர் பதன்கட் ஊரைச் சேர்ந்த பர்தான் பெண்ணான லீலாவை எல்வின் மணந்து இறுதிவரை வாழ்ந்தார். கோசி தம் ஊரிலேயே வறுமையில் நெடுங்காலம் வாழ்ந்து 2010இல் இறந்தார். தன்வரலாற்றில் எல்வின் அந்த மணத்தை வேதனையும் தோல்வியும் நிறைந்த காலம் என்று சொல்லிச் சில வரிகளில் கடந்துவிடுகிறார். எத்தனையோ பேருடைய கனவையும் பாட்டையும் பக்கம் பக்கமாகப் பதிந்த ஒருவர், தம் வீட்டில் இருந்த கோண்டுப் பெண் என்ன நினைத்தாள் என்பதற்கு இடமே தரவில்லை. காலம் அப்படி என்று சொல்லி இதை என்னால் விட்டுவிட முடியவில்லை. அன்பு காட்டுபவனுக்கே முடிவெடுக்கும் உரிமையும் உண்டு என்ற பழைய பாதிரியாரின் மனப்போக்கு அவரிடம் கடைசிவரை எஞ்சியிருந்தது என்று நினைக்கிறேன். உங்கள் ஐயத்துக்கு உண்மையான ஆதாரம் இங்கேதான் இருக்கிறது. அவருடைய களக்குறிப்புகளில் இல்லை.

விடுதலைக்குப் பின் 1954இல் அவர் இந்தியக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டில் வடகிழக்கு எல்லைப்புற முகமைக்கு, அதாவது இன்றைய அருணாசலப் பிரதேசத்துக்கு, பழங்குடி நல ஆலோசகராகி ஷில்லாங்கில் குடியேறினார். மலைகளை நடந்தே சுற்றினார். அப்பகுதி நிர்வாகத்துக்காக 1957இல் அவர் எழுதிய நூலின் அடுத்த பதிப்புக்கு நேரு எழுதிய முன்னுரையில்தான் பழங்குடிப் பகுதி நிர்வாகத்துக்கான ஐந்து கொள்கைகள் வருகின்றன: மக்கள் தம் இயல்பின் வழியே வளரட்டும், நிலத்திலும் காட்டிலும் அவர்களுடைய உரிமையை மதிக்க வேண்டும், அவர்களிலிருந்தே ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும், நிர்வாகம் அளவுமீறக் கூடாது, பலனைச் செலவுக் கணக்கால் அளக்காமல் மனிதப் பண்பின் மேன்மையால் அளக்க வேண்டும். 1962 சீனப் போருக்குப் பின் இந்தக் கொள்கையைக் குறைகூறியவர்கள் உண்டு. ஆனால் வெளியாட்கள் நிலம் வாங்கிக் குடியேறுவதைத் தடுத்து நின்றதால் அந்த மலைமக்கள் அடைந்த நன்மையை நான் பெரிதாகவே மதிக்கிறேன். கோண்டு நாட்டில் வட்டிக்கடைக்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் செய்ததைக் கண்ணால் பார்த்தவருடைய கொள்கை அது. 1961இல் பத்மபூஷண் பெற்றார். 1964 பிப்ரவரி 22 அன்று தில்லியில் இறந்தார். பௌத்த முறைப்படி தகனம் நடந்தது. தன்வரலாறு அதே ஆண்டில் வெளிவந்து, மறு ஆண்டு சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது.

ஒன்றை மட்டும் உங்களிடம் விட்டுவைக்கிறேன். பைகா நூலில் அவர் அம்மக்களுக்கென ஒரு தேசியப் பூங்காவைப்போல் தனி நிலப்பகுதி வேண்டும் என்று எழுதியதையும், பம்பாய்ச் சமூகவியலாளர் கூர்யே 1943இல் அதை மறுத்து, பழங்குடிகளைப் பின்தங்கிய இந்துக்கள் என்றே கொள்ள வேண்டும் என்று வாதிட்டதையும் நீங்கள் நன்கு அறிவீர்கள். ‘தேசியப் பூங்கா’ என்ற சொல்லாட்சியால் விளைந்த கெட்ட பெயரை உணர்ந்து எல்வின் பின்னாளில் தம் நிலையைத் தளர்த்திக்கொண்டார். எனக்கு அவருடைய சொல் தவறாகவும் அச்சம் நியாயமாகவும் படுகின்றன. நீங்கள் கூர்யேயின் பக்கம் சாய்பவர் என்பதால், அவர் தரப்பை உங்கள் அடுத்த கடிதத்தில் முழுமையாக எழுதுங்கள். கண்ணுக்குச் சிரமம் இல்லாமல், இரண்டு மூன்று தவணைகளில் எழுதினாலும் போதும். அகரியா நூலைப் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்