முன்வாசல் பெரிய கேற் திருப்பணி: நிறைவு அறிக்கை

பிள்ளையார் கோவில் பரிபாலன சபை அங்கத்தவர்களுக்கும், வெளிநாட்டில் இருந்து கைகொடுத்த உறவுகளுக்கும் வணக்கம்.

முன்வாசல் கேற்றின் இரண்டு கதவுகளும் கறள் நீக்கி, பெயின்ற் அடித்து, ஆவணி முடிவதற்குள் மீண்டும் பிணைச்சலில் ஏற்றப்பட்டுவிட்டன.

"புதிதாக ஒன்று செய்து போடலாமே" என்று பொதுக்கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேற் நம்மோடு எல்லாம் பட்டது. 2009இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது பூட்டிவிட்டுப் போனோம். மீளக்குடியேறி வந்தபோது அது பற்றைக்குள் குப்புறக் கிடந்தது. வலது கதவில் போர்க்கால எறிகணை (செல்) துண்டு பட்ட ஏழு துளைகள். தகரக் கொட்டிலில் பிள்ளையாரை வைத்து விளக்கேற்றிய நாட்களில் முதலில் நிமிர்த்தியது இதைத்தான். சட்டங்கள் நல்ல கனமான பழைய இரும்பு. கறள் உள்ளே இறங்கவில்லை என்று வெல்டிங் வேலை செய்யும் தம்பி தட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் சபை முடிவெடுத்தது.

கம்பித் தூரிகையும் கிரைண்டரும் தட்டையான சட்டங்களுக்குப் போதும். பூவேலை வளையங்களுக்குள்ளும் கம்பிகள் சந்திக்கும் மூலைகளுக்குள்ளும் அவை எட்டவில்லை. அதனால் வாகனம் கழுவும் பிறஷர் வோஷரில் பூட்டும் மணல் துப்பாக்கி ஒன்றை வாங்கினோம். சிறிய வாயால் தண்ணீர் வேகமாகப் பாயும்போது அந்த இடத்தில் உறிஞ்சல் உண்டாகும். அது ஒரு குழாய் வழியே வாளியில் இருக்கும் மணலை இழுத்துத் தண்ணீரோடு சேர்த்து இரும்பில் அடிக்கும். வீட்டுப் பாவனைக்கான சிறிய மெசின்களில் வேலை மிக மெதுவாகத்தான் நகரும். ஆகவே 150 பார் அழுத்தம் தரும் மெசினை வாடகைக்கு எடுத்தோம்.

முதல் நாள் காலை முழுதும் குழாய் அடைத்துக்கொண்டே இருந்தது. மணலில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது ஓடாது. துப்பாக்கியை நிறுத்தும்போது குழாய் வழியே தண்ணீர் பின்வாங்கி வாளி மணலையும் நனைத்தது. அப்புறம் மணலைத் தறப்பாளில் பரப்பி, வெயிலில் காயவைத்து, இரண்டு தரம் அரித்தோம். நிறுத்தும் முன் குழாயை மணலில் இருந்து தூக்கிவிடவும் பழகினோம். கடற்கரை மணல் இலவசமாகக் கிடைக்குமே என்று சிலர் சொன்னார்கள். அதில் உப்பு இருக்கிறது, இரும்பில் பட்டால் கறள் இன்னும் வேகமாக வரும். ஆற்று மணலைத்தான் பயன்படுத்தினோம்.

இரண்டாம் நாள் ஒரு பிழை விட்டோம். வெள்ளி போல வெளுத்த கதவைப் பார்த்த மகிழ்ச்சியில், பெயின்ற்றுக்கு முன் பூசும் முதற்பூச்சான பிறைமரைக் காலையில் அடிக்கலாம் என்று விட்டுவிட்டோம். விடிந்து பார்த்தால் கதவு முழுதும் மஞ்சளும் செம்மையுமாக மெல்லிய கறள். பெயின்ற்றோ எண்ணெயோ இல்லாத ஈர இரும்பு சில மணி நேரத்திலேயே கறள் பிடித்துவிடும். திரும்பவும் மணல் அடிக்க வேண்டி வந்தது, ஒரு நாள் வாடகை கூடியது. அது சபையின் கவனக்குறைவு. மறுமுறை துணியால் துடைத்து, ஊதியால் உலர்த்தி, அன்றைக்கே பிறைமர் அடித்தோம்.

ஆற்று மணலில் சிலிக்கா உண்டு. அதன் நுண்தூள் நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தூசியைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது. எனவே நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் கிட்ட விடவில்லை. பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் விழுந்த மணலை ஈரமாக இருக்கும்போதே அள்ளிச் சாக்கில் கட்டினோம். கிணற்றுப் பக்கம் ஒரு பிடி கூடப் போகவில்லை. கருங்கல் படிகளைச் சாக்கால் மூடித்தான் வேலை செய்தோம்.

இடது கதவின் கீழ்ச் சட்டத்தில், பல பூச்சுகளுக்கு அடியில் இருந்து வெல்டிங்கால் எழுதிய "உபயம்" என்ற சொல் வெளிப்பட்டது. பக்கத்தில் ஊரின் பெயர். ஆளின் பெயர் இல்லை. வயதான அம்மா ஒருவர் விரலால் தடவித் தடவி அதை வாசித்தார். அந்த எழுத்துகளின் மேல் தூரிகையால் மெல்லிய பூச்சு மட்டும் கொடுத்திருக்கிறோம். ஏழு துளைகளையும் கூட்டத் தீர்மானப்படி அடைக்கவில்லை. விளிம்புகளுக்குக் கையால் பிறைமர் தடவியுள்ளோம்.

வரவு செலவுக் கணக்கு மடத்துச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது, பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் உள்ளன. மணல் துப்பாக்கியும் அரிதட்டும் களஞ்சிய அறையில் இருக்கின்றன. வீட்டுக் கேற்றுக்கோ உழவு இயந்திரப் பெட்டிக்கோ தேவைப்படுவோர் செயலாளரிடம் கையெழுத்து வைத்து எடுத்துப் போகலாம். மணலை மட்டும் நன்றாகக் காயவைத்துக்கொள்ளுங்கள்.